பிரெஞ்சுச் சிறுகதை: காலந்தோறும் ஒரு வாசிப்பு

அரபுக் கல்லூரியில் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது, எகிப்திய எழுத்தாளர் முஸ்தஃபா லுத்ஃபீ அல்மன்ஃபலூத்தியின் (1876-1924) ‘அல்அபராத்’ என்னும் தொகுப்பை இரவுப் பாடம் முடிந்த பின்னரும் மூடிவைக்க மனமின்றிப் படித்ததுண்டு. ‘கண்ணீர்த் துளிகள்’ என்பது அந்நூற்பெயரின் பொருள். பெயருக்கேற்ப எங்களை அது அழவைத்தது. அதிலுள்ள ‘அத்திக்ரா’ என்னும் கதை, ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி வீழ்ந்த பின்னர் முன்னோர் ஆண்ட கர்னாத்தா நகரைக் காண வரும் இளைஞன் ஒருவனைப் பற்றியது. இழந்த அந்தலூஸை நினைந்து ஒரு முஸ்லிம் எழுத்தாளர் வடித்த கண்ணீர் என்றே அதனை நாங்கள் கொண்டோம்.

முதுகலை படிக்கும்போதுதான் உண்மை தெரிந்தது. அக்கதையின் மூலம் பிரெஞ்சு மொழியில் உள்ளது. கத்தோலிக்கக் கிறிஸ்தவத்தின் பெருமையை எடுத்துரைத்தவரான ஷத்தோப்ரியான் எழுதி 1826இல் வெளியிட்ட, பனூஸர்ராஜ் குலத்தின் கடைசி வாரிசைப் பற்றிய கதை அது. மன்ஃபலூத்திக்குப் பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சு அறிந்த நண்பர்கள் கதையைச் சொல்லக் கேட்டு, பெயர்களையும் நிகழ்வுகளையும் தம் விருப்பம்போல் மாற்றி, தம் நடையில் எழுதினார். அரபியரின் துயரம் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கற்பனை வழியாகச் சுற்றி வந்து எங்கள் கண்களை நனைத்திருக்கிறது! அன்று ஏற்பட்ட வியப்பே பிரெஞ்சுச் சிறுகதைகளை அவை தோன்றிய காலங்களின் வரிசையில் படித்துப் பார்க்கும் ஆவலை எனக்குள் விதைத்தது. பிரெஞ்சில் என் அறிவு, அகராதியின் துணையோடு பக்கம் கடக்கும் அளவினதே. அரபு, ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகில் வைத்துக்கொண்டே பயின்றேன். அப்பயிற்சியில் கண்டவற்றுள் நமக்கு நெருக்கமான சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கத்தோடு தொடங்கலாம். பிரெஞ்சில் சிறிய கதைக்கு இரு பெயர்கள் உள்ளன. ஒன்று ‘கோந்த்’, சொல்லப்படுவது என்று பொருள். மற்றது ‘நூவெல்’, புதியது, செய்தி என்று பொருள். புதுமையும் செய்தியும் ஒரே சொல்லில் அடங்குவது அரபு படித்தோர்க்கு வியப்பளிக்காது. ‘ஹதீஸ்’ என்னும் சொல்லுக்கும் புதியது, பேச்சு என்னும் இரு பொருளும் உண்டு. பழைய கதைகள் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதையும், பிற்காலக் கதைகள் செய்தித்தாளில் செய்திகளோடு செய்தியாக அச்சானதையும் இவ்விரு சொற்களுமே குறிப்பாக உணர்த்திவிடுகின்றன. ஆகவே ஒரு காலத்துக் கதையைக் கையில் எடுக்கும்போது நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது வழக்கம். இக்கதை யார் வாயிலிருந்து யார் செவிக்குச் சென்றது? இதில் யாருக்குப் பெயர் உண்டு, யாருக்குப் பெயர் இல்லை? இரண்டாம் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். போகப்போக அதன் கனம் விளங்கும்.

கிழக்கிலிருந்து சென்ற கதைகள்

யூதராகப் பிறந்து, 1106இல் ஸ்பெயினின் வெஸ்கா நகரில் கிறிஸ்தவம் தழுவிய பெட்ரஸ் அல்ஃபோன்ஸி என்பார், அரபியரிடையே வழங்கிய அறிவுரைகளையும் கதைகளையும் தொகுத்து இலத்தீனில் ஒரு நூல் செய்தார். தந்தை மகனுக்கு அறிவுரை கூறும் அமைப்பில் முப்பதுக்கு மேற்பட்ட கதைகளைக் கொண்ட அந்நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. பழைய பிரெஞ்சிலும் செய்யுள் வடிவில் பெயர்க்கப்பட்டது. எகிப்திலும் பக்தாதிலும் வாழ்ந்த இரு வணிகர்களின் நட்பைப் பற்றிய கதை அதில் உண்டு. பாரிஸைப் பார்த்திராத பக்தாத் வணிகர் இவ்வாறு பிரெஞ்சுக்காரரின் அடுப்படிப் பேச்சுக்குள் நுழைந்தார்.

12ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 14ஆம் நூற்றாண்டு வரை வட பிரான்சில் ஊர்ஊராகச் சென்ற பாணர்கள் ‘ஃபாப்லியோ’ எனப்படும் சிரிப்புக் கதைகளை ஈரடிச் செய்யுளில் பாடினர். சுமார் 150 கதைகள் கிடைத்துள்ளன. பல, நாம் பிள்ளைகள் முன்னால் படிக்கத் தயங்கும் வகையின. இவை யாவும் கிழக்கிலிருந்து வந்தவை என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர் பலர் கருதினர். ஜோசஃப் பெதியே 1893இல் வெளியிட்ட ஆய்வில் அக்கருத்தை வன்மையாக மறுத்தார். எல்லா ஆறுகளும் நம் கிணற்றிலிருந்தே புறப்பட்டன என்று சொல்லிக்கொள்வதில் நமக்கும் ஓர் இன்பம் உண்டாதலால், பெதியேயின் எச்சரிக்கையை நாம் நினைவில் வைப்பது நல்லது. ஆதாரம் உள்ள இடத்தில் மட்டுமே உரிமை கோர வேண்டும்.

அரசி மார்கரீத் த நவார் (1492-1549) எழுதிய ‘எப்தமெரோன்’ தொகுப்பைப் பற்றி ஒரு செய்தி மட்டும். பிரெனே மலைப்பகுதியில் வெள்ளத்தால் வழி அடைபட்டு ஒரு மடத்தில் தங்கிய ஆண்களும் பெண்களுமாகிய பத்துப் பேர் பொழுதுபோக்கக் கதை சொல்கின்றனர். 72 கதைகள் முடிந்த நிலையில் ஆசிரியை மறைந்துவிட, நூல் 1558இலும் 1559இலும் அச்சாயிற்று. ஒவ்வொரு கதை முடிந்ததும் பத்துப் பேரும் அதன்மீது வாதிடுகின்றனர். பெரும்பாலும் உடன்பாடு ஏற்படுவதில்லை. கதையைவிட வாதமே சில இடங்களில் சுவையாக இருக்கிறது. பாடம் முடிந்த பின் மாணவர்கள் நிகழ்த்தும் முனாளராவை எனக்கு இது நினைவூட்டும்.

பிரெஞ்சுக் கதையுலகின் போக்கை மாற்றிய நூல் அந்துவான் கலான் (1646-1715) மொழிபெயர்த்த ‘ஆயிரத்தோர் இரவுகள்’. 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஸிரியாவிலிருந்து பெற்ற கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு கலான் பணியாற்றினார். பிரதியில் இருந்த கதைகள் தீர்ந்துபோயின. வாசகர்களின் ஆவல் தீரவில்லை. அந்நிலையில் 1709இல் ஹலப் நகரத்து மாரோனியக் கிறிஸ்தவ இளைஞரான ஹன்னா தியாப் பாரிஸில் அவரைச் சந்தித்துக் கதைகள் சொன்னார். அலாவுத்தீனும் அற்புத விளக்கும், அலிபாபாவும் நாற்பது திருடர்களும் அவர் வாய்மொழியாக வந்தவையே. கலான் தம் நாட்குறிப்பில் ஹன்னாவின் பெயரைப் பதிந்துவைத்தார். அச்சிட்ட நூலிலோ அப்பெயர் இல்லை.

அதன்பின் நடந்தது இன்னும் விந்தையானது. அலாவுத்தீன் கதைக்கு அரபு மூலம் எங்கே என்று கீழைத்தேயவாதிகள் தேடினர். பாரிஸில் அரபுக் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. நெடுங்காலம் அவை மூலம் என்றே நம்பப்பட்டன. கலானின் பிரெஞ்சிலிருந்து அரபுக்குத் திருப்பி மொழிபெயர்க்கப்பட்டவை அவை என்பதை முஹ்ஸின் மஹ்தீ என்னும் இராக்கிய அறிஞர் பின்னாளில் நிறுவினார். ஹன்னாவோ ஹலபுக்குத் திரும்பித் துணி வணிகம் செய்து, முதுமையில் தம் பயண நினைவுகளை அரபியில் எழுதிவைத்தார். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த அப்பிரதியின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 2015இல்தான் வெளிவந்தது. வெர்ஸாய் அரண்மனைக்குச் சென்றதையும், 1709ஆம் ஆண்டின் கொடும் குளிரில் பாரிஸ் உறைந்ததையும் அவர் அதில் எழுதியிருக்கிறார். கதை சொன்னவருக்குத் தம் பெயரைத் திரும்பப் பெற முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

வால்டேரின் துறவியும் கஹ்ஃபு அத்தியாயமும்

கலான் மூட்டிய ஆர்வத்தால் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் ‘கிழக்கத்திய கதை’ ஒரு நாகரிகமாயிற்று. திருச்சபையையும் அரசையும் நேராகக் குறை சொல்ல அஞ்சியவர்கள் பாபிலோனிலும் இஸ்பஹானிலும் கதையை நிகழ்த்தினர். வால்டேர் எழுதி 1747இல் வேறு பெயரிலும் 1748இல் இன்றைய பெயரிலும் வந்த ‘ஸதீக்’ இவ்வகையின் சிகரம். அதன் முன்னுரை, ஸஅதீ என்பவர் ஹிஜ்ரி 837இல் ஒரு சுல்தானாவுக்கு எழுதியதாகப் பாவனை செய்கிறது. ஷீராஸின் ஸஅதீயோ ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மறைந்தவர். வால்டேருக்கு இது தெரியாதா, அல்லது வேண்டுமென்றே சிரிக்கிறாரா என்பது அவரவர் ஊகத்துக்கு உரியது. நான் இரண்டாவதையே நம்புகிறேன்.

நூலின் பிற்பகுதியில் ஸதீக், வெண்தாடித் துறவி ஒருவரைச் சந்திக்கிறான். எது செய்தாலும் தம்மை விட்டுப் பிரியக்கூடாது என்று துறவி உறுதி வாங்கிக்கொள்கிறார். செல்வன் ஒருவனின் மாளிகையில் தங்கி, அங்கிருந்து பொற்கிண்ணம் ஒன்றைத் திருடுகிறார். அடுத்து, வெறுப்போடு இடம் தந்த கருமிக்கு அதனைப் பரிசளிக்கிறார். அன்போடு உபசரித்த அறிஞரின் வீட்டுக்குத் தீ வைக்கிறார். இறுதியாக, ஒரு நல்ல விதவையின் பதினான்கு வயது மருமகனை ஆற்றில் தள்ளிக் கொல்கிறார். ஸதீக் பொறுக்க மாட்டாமல் கதறும்போது விளக்கம் வருகிறது. எரிந்த வீட்டின் அடியில் புதையல் உள்ளது. அந்தச் சிறுவன் ஓராண்டில் தன் அத்தையையும் ஈராண்டில் ஸதீக்கையும் கொன்றிருப்பான். துறவி வானவராக உருமாறுகிறார்.

இதைப் படிக்கும் எந்த முஸ்லிமுக்கும் ஸூரத்துல் கஹ்ஃபு நினைவுக்கு வராமல் இராது. நபி மூஸா (அலை) அவர்களும், நம் மரபு ஹிள்ர் (அலை) என்று பெயர் சொல்லும் நல்லடியாரும் சேர்ந்து சென்ற பயணத்தை 60 முதல் 82 வரையிலான வசனங்கள் கூறுகின்றன. துளையிடப்பட்ட மரக்கலம், உயிர் நீத்த சிறுவன், கூலியின்றி நிமிர்த்தப்பட்ட சுவர், அதனடியில் அநாதைகளின் புதையல்: அடுக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் வால்டேர் குர்ஆனைப் பார்த்து எழுதினார் என்று முடிவுகட்ட இது போதாது. 1718இல் மறைந்த அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் பார்னெலின் கவிதையொன்றில் இக்கதை இன்னும் நெருக்கமாக உள்ளது. அதைத் திருடினார் என்று வால்டேரின் பகைவர்களே குற்றம் சாட்டினர். இடைக்கால இலத்தீன் தொகுப்புகளிலும், 11ஆம் நூற்றாண்டில் கைரவான் நகர யூத அறிஞர் நிஸ்ஸீம் அரபியில் எழுதிய நூலிலும் இதன் உறவுக் கதைகள் காணப்படுகின்றன. குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1647 முதலே கிடைத்தது என்பதும், 1734இல் வந்த ஜார்ஜ் ஸேலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வால்டேர் மதித்தார் என்பதும் உண்மையே. வழிகள் பல, எவ்வழியாக வந்தது என்பது வாதத்துக்குரியது.

எனக்கு முக்கியமாகப் படுவது முடிவில் உள்ள வேறுபாடு. குர்ஆனில் விளக்கம் கூறப்பட்டதும், இவற்றைத் தம் விருப்பத்தால் செய்யவில்லை என்று நல்லடியார் தெளிவுபடுத்துகிறார். அத்துடன் நிகழ்ச்சி நிறைவெய்துகிறது. மூஸா நபி இன்னும் பொறுமை காத்திருந்தால் அவ்விருவரின் செய்தி நமக்கு மேலும் கூறப்பட்டிருக்குமே என நபிகள் நாயகம் (ஸல்) விரும்பியதாக ஸஹீஹுல் புகாரீயில் வருகிறது. கதை முடிந்துவிட்டதே என்னும் ஏக்கத்தை அதில் நான் காண்கிறேன். வால்டேரிடம் அமைதி இல்லை. வானவர் விளக்கி முடித்த பின்னும் ஸதீக் ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுக்கிறான். ஒரு சொல் வெளிவருவதற்குள் வானவர் பறந்து சென்றுவிடுகிறார். அந்த முடிவுறாத சொல்லில் ஒரு நூற்றாண்டே ஒளிந்திருக்கிறது. நம்பிக்கையாளனின் பணிவும் அறிவொளிக் காலத்தானின் ஐயமும் ஒரே கதையின் இரு முனைகளில் நிற்கின்றன. நான் எம்முனையைச் சார்ந்தவன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அந்த மறுப்பைக் கேளாமல் பிரெஞ்சு இலக்கியத்தின் அடுத்த இருநூறு ஆண்டுகளை விளங்கிக்கொள்ள இயலாது என்பதை மாணவர்களுக்கு நான் மறைப்பதில்லை.

1741இல் அரங்கேறிய நாடகமொன்றில் நம் உயிரினும் மேலான நாயகத்தை இழிவுபடுத்திய அதே வால்டேர், 1759இல் எழுதிய ‘காந்தீத்’ கதையின் இறுதியில் வாழ்க்கைக்கு வழி சொல்லும் பொறுப்பைக் கான்ஸ்டாண்டிநோபிள் அருகே பிள்ளைகளோடு உழுது வாழும் ஒரு துருக்கிய முதியவரிடம் ஒப்படைத்தார் என்பதையும் நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த முதியவருக்குப் பெயரில்லை.

செய்தித்தாளின் வயிற்றுக்கு

1836இல் எமில் த ழிரார்தென், ‘லா பிரெஸ்’ நாளிதழைத் தொடங்கிச் சந்தாவைப் பாதியாகக் குறைத்தார். விளம்பரமும் கதையும் இழப்பை ஈடுகட்டின. நாள்தோறும் கதை வேண்டும். அதுவும் இத்தனை பத்திக்குள் வேண்டும். பிரெஞ்சுச் சிறுகதையின் இன்றைய உருவம் அவ்வச்சில் வார்க்கப்பட்டது. ஏறத்தாழ 300 கதைகள் எழுதிய கி த மாப்பசான் (1850-1893) இதில் தலைசிறந்தவர். ‘லெ கோலுவா’ நாளிதழில் 1884 பிப்ரவரி 17 அன்று வந்த ‘அட்டிகை’ கதையைப் பள்ளிப் பாடத்தில் படித்திராதவர் அரியர். 36,000 ஃபிராங்க் விலையில் மாற்று அட்டிகை வாங்கப் பட்ட கடனுக்குப் பத்தாண்டு உழைத்த பின், தொலைந்த அட்டிகையின் விலை 500 ஃபிராங்க் மட்டுமே என்பது தெரிகிறது. கடைசி வரிக்காகவே முழுக்கதையும் ஓடும் உத்தி பத்தியின் நெருக்கடியில் பிறந்தது.

மாப்பசானின் ‘நிலவொளி’ (1882) எனக்கு அதனினும் உவப்பானது. இறைவனின் நோக்கங்களையெல்லாம் தாம் அறிந்துவிட்டதாகக் கருதும் ஒரு பாதிரியார், மனிதர் உறங்கும் நேரத்தில் இரவை இவ்வளவு அழகாக இறைவன் ஏன் படைத்தான் என்று திகைக்கிறார். பாரிஸிலும் லியோனிலும் பயின்ற எகிப்தியரான முஹம்மத் தைமூர் (1892-1921) இதனை எகிப்தியச் சூழலுக்கு மாற்றி, இறைவனிடம் ‘இந்த இன்பத்தை யாருக்காகப் படைத்தாய்’ எனக் கேட்கும் தலைப்பில் அரபியாக்கினார். 1917இல் அவர் எழுதிய ‘ஃபில் கிதார்’ (தொடர்வண்டியில்) என்பதையே முதல் அரபுச் சிறுகதையாகப் பலர் மதிப்பிடுவர். வண்டியில் பயணம் செய்வோர், உழவனின் பிள்ளைக்குக் கல்வி தரலாமா என்று வாதிடுகின்றனர். சாட்டையே அவனுக்கு மருந்து என்கிறார் ஒரு செர்க்கஸியர். தலைப்பாகை அணிந்த மார்க்க அறிஞரும் அவர் பக்கமே நிற்கிறார். நம் வகுப்பாரைக் கிண்டல் செய்யும் இவ்விடத்தைப் பாடம் நடத்தும்போது சிலர் வேகமாகக் கடந்துவிடுவர். நான் கடப்பதில்லை.

ஆக, 12ஆம் நூற்றாண்டில் அரபியிலிருந்து புறப்பட்ட கதை 20ஆம் நூற்றாண்டில் வேறு உடையில் அரபிக்குத் திரும்பியது. இடையில் ஒரு பெருநிகழ்ச்சி நடந்துவிட்டிருந்தது. 1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவைக் கைப்பற்றியது.

இரு கரும்பலகைகள்

அல்ஃபோன்ஸ் தொதே 1872இல் ஒரு நாளிதழில் எழுதி, மறு ஆண்டு தொகுப்பில் சேர்த்த ‘கடைசி வகுப்பு’ நம் நாட்டு மேனிலைப் பள்ளி ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றது. 1870-71 போரில் தோற்ற பிரான்ஸ், அல்ஸாஸ் பகுதியை ஜெர்மனிக்கு இழந்தது. இனிப் பள்ளிகளில் ஜெர்மன் மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆணை வருகிறது. நாற்பதாண்டு பணியாற்றிய ஆசிரியர் ஹமெல் தம் கடைசிப் பிரெஞ்சு வகுப்பை நடத்துகிறார். ஊர்ப் பெரியவர்கள் பின்வரிசையில் வந்து அமர்கின்றனர். கூவும் புறாக்களையும் ஜெர்மனில் கூவச் சொல்வார்களோ என்று சிறுவன் நினைக்கிறான். நண்பகல் மணி அடிக்கிறது. பேச்சு வராமல் தொண்டை அடைக்க, ஆசிரியர் கரும்பலகையில் பிரான்ஸை வாழ்த்தி மூன்று சொற்களைப் பெரிதாக எழுதிவிட்டுச் சுவரில் தலை சாய்க்கிறார்.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் இக்கதையைக் கலங்காமல் படிக்க முடியாது. நானும் கலங்கினேன். பின்னர்தான் அக்காலத்தின் வரலாற்றை அருகில் வைத்துப் படித்தேன்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் பேசியது பெரும்பாலும் ஜெர்மானியக் கிளைமொழி என்பதைக் கதை சொல்லவில்லை. அது சிறு குறை. பெரிய மௌனம் வேறு இடத்தில் இருக்கிறது. அல்ஸாஸ் கைமாறிய அதே 1871இல், அல்ஜீரியாவில் முக்ரானீ தலைமையில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டு, கிளர்ந்த குலத்தாரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள் இயற்றிய சட்டத்தால், ஜெர்மன் ஆட்சியை ஏற்காமல் வெளியேறும் அல்ஸாஸ், லொரேன் மக்களுக்கென அல்ஜீரியாவில் 1,00,000 ஹெக்டேர் நிலத்தைப் பிரான்ஸ் ஒதுக்கியது. எதிர்பார்த்த அளவு மக்கள் போகவில்லை என்பது வேறு செய்தி. மொழி இழந்தவரின் கண்ணீரைத் துடைக்க நிலம் இழந்தவரின் கைக்குட்டை எடுக்கப்பட்டது.

மொழியின் கதை அதனினும் பழையது. பிரான்ஸ் நுழைந்த சில ஆண்டுகளிலேயே வக்ஃபு சொத்துகள் அரசுடைமையாயின. அல்ஜீரியாவில் மக்தபுகளும் மத்ரஸாக்களும் வக்ஃபு வருவாயில் நடந்தவை. வருவாய் நின்றதும் அவற்றின் விளக்குகள் அணைந்தன. முஸ்லிம் சமூகத்தை முன்னிருந்ததைவிட அறியாமையிலும் வறுமையிலும் தள்ளிவிட்டோம் என்று பிரெஞ்சு அரசியலறிஞர் தொக்வில் 1847இல் நாடாளுமன்ற அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார். 1938இல் பிறப்பித்த ஆணையொன்று அல்ஜீரியாவில் அரபியை அந்நிய மொழி என்றே வகைப்படுத்தியது. கடைசி வகுப்பு நடத்திய உஸ்தாதுகள் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பர்! அவர்களுக்கு ஒரு தொதே வாய்க்கவில்லை. தொதே அல்ஜீரியாவை அறியாதவரும் அல்லர். இளமையில் அங்கே பயணம் செய்தவர். மிலியானா நகரைப் பற்றி எழுதியவர். ஹமெலின் தொண்டையை அடைத்த துயரம் மிலியானாவின் ஆசிரியருக்கும் உண்டாகலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இனி இரண்டாம் கரும்பலகை. ஆல்பெர் காம்யுவின் ‘லோத்’ என்னும் கதை 1957இல் வந்தது. பிரெஞ்சில் ‘ஓத்’ என்னும் சொல்லுக்கு விருந்தினர், விருந்தோம்புபவர் என்னும் இரு பொருளும் உண்டு. அரபியில் ளைஃபு என்றும் முளீஃபு என்றும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். தலைப்பிலேயே மொழிபெயர்ப்பாளன் தோற்றுவிடுகிறான். அல்ஜீரியாவின் உயர்ந்த பீடபூமியில், பனியால் மாணவர்கள் வராத பள்ளியில் தாரு என்னும் பிரெஞ்சு ஆசிரியர் தனியே இருக்கிறார். வறட்சியால் வாடும் அப்பகுதிப் பிள்ளைகளுக்கு அவர் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பது பிரான்சின் நான்கு ஆறுகள். நான்கு நிறச் சுண்ணக்கட்டிகளால். காவலர் ஒருவர், உறவினரைக் கொன்ற அரபியன் ஒருவனைக் கட்டி இழுத்துவந்து, சிறையில் ஒப்படைக்குமாறு தாருவிடம் விட்டுச்செல்கிறார். தாரு கட்டை அவிழ்க்கிறார், உணவு தருகிறார், தம் அறையிலேயே உறங்க இடம் தருகிறார். மறுநாள் பேரீச்சம்பழமும் ரொட்டியும் சர்க்கரையும் ஆயிரம் ஃபிராங்கும் கொடுத்து இரு வழிகளைக் காட்டுகிறார். கிழக்கே சென்றால் சிறை. தெற்கே சென்றால் அடைக்கலம் தரும் நாடோடிகள். அவன் சிறைக்குச் செல்லும் வழியைத் தேர்கிறான். தாரு பள்ளிக்குத் திரும்பினால், ஆறுகளுக்கிடையே யாரோ செம்மையற்ற கையெழுத்தில் எழுதியிருக்கின்றனர்: எங்கள் சகோதரனை ஒப்படைத்ததற்கு நீ விலை கொடுப்பாய் என்னும் பொருள்பட.

விருந்தினரைக் காட்டிக்கொடுப்பது பிரெஞ்சுக் கதைக்குப் புதிய பொருளன்று. மெரிமே 1829இல் எழுதிய ‘மத்தேயோ ஃபல்கோனே’ கதையில், தஞ்சம் புகுந்தவனை ஒரு கடிகாரத்துக்காகக் காட்டிக்கொடுத்த பத்து வயது மகனைக் கார்ஸிகாத் தந்தை தம் கையாலேயே சுட்டுக் கொல்கிறார். அடைக்கலத்தை உயிராக மதித்த அறியாமைக் கால அரபியரின் கவிதையில் ஊறியவர்க்கு அத்தந்தை அந்நியராகத் தோன்றமாட்டார். அங்கே சட்டம் ஒன்றே. ஆகவே கதை கொடியது, ஆனால் குழப்பமற்றது. காம்யுவிடம் இரு சட்டங்கள் ஓர் அறையில் படுத்துறங்குகின்றன.

இக்கதையை அரபு மொழிபெயர்ப்பில் வகுப்பில் படித்தபோது ஒரு மாணவர், “உஸ்தாத், அந்தக் கைதியின் பெயர் என்ன?” என்று கேட்டார். பக்கங்களைப் புரட்டினேன். தாருவுக்குப் பெயர் உண்டு; காவலர் பல்துச்சிக்கும் உண்டு. கைதி கதை முழுவதும் அரபியன் மட்டுமே. ஓர் இரவு முழுதும் அவனோடு அவன் மொழியில் பேசிய நல்லவரான தாரு, ஒருமுறைகூடப் பெயரைக் கேட்கவில்லை. விருந்தினரிடம் நாம் முதலில் கேட்பது அதுவல்லவா? இதைக் கொண்டு காம்யுவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோரும் உண்டு. தாருவின் நல்லெண்ணம் எங்கே தோற்றது என்பதை ஆசிரியர் இப்படித்தான் காட்டுகிறார் என்போரும் உண்டு. காம்யு வறுமைப்பட்ட அல்ஜியர்ஸ் குடும்பத்தில் வளர்ந்தவர். 1939இல் கபீலியா மக்களின் பட்டினியை நாளிதழில் எழுதியவர். ஆதலால் நான் இரண்டாம் கட்சியின் பக்கம் சற்றுச் சாய்கிறேன். ஆனால் ‘அந்நியன்’ (1942) நாவலில் கொலையுண்டவனுக்கும் பெயரில்லை என்பது என் சாய்வைத் தடுக்கிறது. கமல் தாவூத் என்னும் அல்ஜீரியர் 2013இல் எழுதிய நாவலில் அவனுக்கு மூஸா என்று பெயரிட்டார்.

அருகிலிருந்து பேசுதல்

ஸெர்ஷெல் நகரில் 1936இல் பிறந்து 2015இல் மறைந்த அஸ்ஸியா ஜெபார், பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஓர் அல்ஜீரிய முஸ்லிமின் மகள். 2005இல் பிரெஞ்சு அகாதெமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1980இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பின் தலைப்பு, ‘தங்கள் இல்லத்தில் அல்ஜியர்ஸ் பெண்கள்’. இதே பெயரில் தெலக்குருவா 1834இல் தீட்டிய ஓவியத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டார். அந்நிய ஆடவர் ஒருவர் அந்தப்புரத்துக்குள் எட்டிப் பார்த்து வரைந்த ஓவியம் அது. அழகான ஓவியம், அதிலுள்ள பெண்கள் பேசுவதில்லை. ஜெபாரின் கதைகளில் பெண்கள் ஓயாது பேசுகின்றனர்: ஹம்மாமில், மருத்துவமனையில், சாவு வீட்டில். போராட்டத்தில் சிறை சென்றவர்கள், விடுதலை பெற்ற நாட்டில் மீண்டும் வாயடைக்கப்பட்டதைச் சொல்கின்றனர். பிரெஞ்சுக்காரரை மட்டும் சாடி நம்மவரை விட்டுவிடும் எழுத்தன்று அது. நம் இல்லங்களைப் பற்றி அவர் சொல்வதில் சிலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை; சிலவற்றை மறுக்க முடியவில்லை.

நூலின் முகப்பில் அவர் தம் நிலையை விளக்குகிறார். அப்பெண்களுக்காகப் பேசுவதாகவோ, அவர்களைப் பற்றிப் பேசுவதாகவோ உரிமை கொண்டாடாமல், அவர்கள் அருகிலிருந்து பேச மட்டுமே முயல்வதாகக் கூறுகிறார். கலான், வால்டேர், தொதே, காம்யு என்று வரிசையாகப் படித்து வந்தவனுக்கு இந்தச் சிறு வேறுபாட்டின் அளவு புரியும். ஆனால் அவர் இதனைச் சொன்னதும் பிரெஞ்சில்தான். அப்பெண்கள் பேசிய அரபியும் பெர்பெரும் அந்தப் பிரெஞ்சுக்குள் முணுமுணுப்பாகவே ஒலிக்கின்றன.

கைதியின் பெயரைக் கேட்ட மாணவருக்குத் தொதேயின் கதையையும் காம்யுவின் கதையையும் ஒப்பிட்டு அரபியில் ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தேன். ஹமெல் எழுதிய சொற்களை ஒரு பக்கமும், தாருவின் பலகையில் எழுதப்பட்டவற்றை மறுபக்கமும் அவர் பிரதி செய்தார். பிறகு வந்து, தாருவின் பலகையில் எழுதியவர்கள் எம்மொழியில் எழுதினர் என்று கேட்டார். காம்யு அதைச் சொல்லவில்லை. தாருவின் மாணவர்களில் ஒருவனாக இருந்தால் பிரெஞ்சில் எழுதியிருக்கக்கூடும் என்றேன். அப்படியானால் எழுதக் கற்றுக்கொடுத்தவர் தாரு தானே என்றார் அவர். அந்த வாக்கியத்தைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.